மழை நின்ற பிறகு விழும் சுவர்: மாரடைப்புக்குப் பின் இதயம் கிழிவது ஏன்?

என் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்த நான்காம் நாள் காலை. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. நெஞ்சுவலி நின்றுவிட்டது. மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டார். பேப்பர் படிக்க வேண்டும், மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். பெரியம்மா பையில் தேடி அதை எடுத்து நிமிர்வதற்குள் அவருடைய கண்கள் மேலே சொருகிவிட்டன.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று கதைகள் உலவின. ஸ்டென்ட் வைத்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார் ஒருவர். இரண்டாவது அட்டாக் என்றார் இன்னொருவர். மூன்றாவது கதைதான் பெரியம்மாவை வருடக்கணக்கில் தூங்கவிடவில்லை: "மானிட்டரில் கோடு ஓடிக்கொண்டிருந்தபோதே கைவிட்டுவிட்டார்கள்." மூன்றுமே தவறு. அன்று டாக்டர் சொன்னது ஒரே வரி: "இதயத்தின் சுவர் கிழிந்துவிட்டது." அந்த வரி எங்கள் யாருக்கும் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. அதே வரியை எங்காவது ஒரு மருத்துவமனை வராந்தாவில் கேட்டுத் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

மருத்துவர்கள் இத்தகைய கிழிசல்களை 'மெக்கானிக்கல் காம்ப்ளிகேஷன்' என்பார்கள். நாம் 'கட்டமைப்புச் சிதைவு' என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பால் வலுவிழந்த இதயத்தில் சுவரோ, தடுப்போ, வால்வைப் பிடித்திருக்கும் தசையோ கிழிந்துபோவதுதான் அது.

நான்கு அறை வீடும் அதன் வாய்க்கால்களும்

இதயம் நான்கு அறைகள் கொண்ட வீடு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது. உள்ளங்கால் வரை உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியது இடது கீழறை. வேலைக்கு ஏற்றபடி அதன் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதுகிறார்களே, அந்த 120 இடது கீழறை சுருங்கும்போது உண்டாகும் அழுத்தம். வலது கீழறையில் அது சுமார் 25தான். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சுவர்கள் செங்கல் அல்ல, தசை. தசைக்குச் சாப்பாடு வேண்டும். அறை நிறைய ரத்தம் இருந்தும் சுவர் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடும் கரோனரி தமனிகள்தான் அதற்குப் பாசன வாய்க்கால்கள். மதகில் அடைப்பு விழுந்தால் அந்த வாய்க்காலை நம்பியிருக்கும் வயல் காய்கிறது. மாரடைப்பு என்பது அதுதான்: கரோனரி தமனி அடைபட்டு, அதன் பாசனத்தில் இருந்த தசை இறந்துபோவது. அடைப்பு முழுமையானதாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் சுவரின் உள்பக்கத் தசை இறக்கத் தொடங்கும். நேரம் ஆக ஆக அந்த இறப்பு வெளிப்பக்கம் வரை பரவும்.

ஆக, மாரடைப்பில் அடைபடுவது தமனி, சேதமாவது சுவர். ஸ்டென்ட் வாய்க்காலைத் திறந்துவிடுகிறது. அதற்குள் இறந்துபோன தசையை அதனால் எழுப்ப முடியாது.

ஊறிய சுவர்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் செய்தித்தாளில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு: தொடர் மழையில் ஊறியிருந்த மண்சுவர் இடிந்து விழுந்தது. கவனித்துப் பாருங்கள், பல சமயம் அது கொட்டும் மழையில் விழுவதில்லை. மழை விட்டு, வெயில் எட்டிப்பார்த்து, ஆபத்து போய்விட்டது என்று எல்லோரும் உள்ளே படுத்திருக்கும்போது விழுகிறது.

இதயச் சுவரும் அப்படித்தான். வலி என்பது மழை. வலி நின்றுவிட்டது என்பதற்காகச் சுவர் காய்ந்துவிட்டது என்று பொருளில்லை.

உள்ளே நடப்பது இது. இறந்த தசையை உடல் அப்படியே விட்டுவைக்காது. முதல் சில நாட்களில் வெள்ளை அணுக்கள் படையாக வந்து, செத்த தசையைக் கரைத்து அப்புறப்படுத்துகின்றன. அதன் பிறகுதான் அந்த இடத்தில் கொலாஜன் என்னும் உறுதியான நார்ப்பொருள் படிந்து தழும்பாகிறது. பழைய சுவரை இடித்தாகிவிட்டது, புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்கிற இடைவெளி ஒன்று நடுவில் வருகிறது. ஏறக்குறைய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. சுவர் மிகவும் குழைந்திருக்கும் காலம் அது. தழும்பு நன்றாக இறுகுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும்.

வீட்டுச் சுவருக்குச் சாரம் கட்டி, முட்டுக்கொடுத்து, யாரையும் அண்டவிடாமல் வேலை பார்க்கலாம். இதயத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை அது துடித்தாக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் அந்தக் குழைந்த இடத்தின் மேல் 120 அளவு அழுத்தம் வந்து மோதுகிறது.

இன்னொன்றும் உண்டு. முதல் 24 மணி நேரத்திலேயே கிழிந்துவிடும் இதயங்களும் இருக்கின்றன. பழைய வேட்டியில் தடித்த துணியை ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டின் ஓரத்தில்தான் மறுபடியும் கிழியும். இறந்த தசை அசையாது. பக்கத்தில் இருக்கும் நல்ல தசை வலுவாக இழுக்கும். இரண்டும் சேரும் ஓரத்தில் விரிசல் கண்டு, அதில் ரத்தம் புகுந்து பிளக்கிறது.

வெளிச்சுவர் கிழிந்தால்

மூன்றிலும் கொடியது இதுதான். இதயம் பெரிகார்டியம் என்ற உறைக்குள் இருக்கிறது. உறைக்கும் இதயத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவுக்குத்தான் நீர் இருக்கும். அந்த உறை மெதுவாக, மாதக்கணக்கில் விரிந்துகொடுக்கும், திடீரென்று விரியாது. இடது கீழறையின் வெளிச்சுவர் கிழிந்து, ஒரு காபி டம்ளர் அளவு ரத்தம், அதாவது 150 முதல் 200 மில்லி, சட்டென்று அந்த உறைக்குள் பாய்ந்தாலே போதும். உறை இதயத்தை நாலாபுறமும் நெருக்கும். இதயத்தால் விரிய முடியாது. விரியாத இதயத்தில் ரத்தம் நிரம்பாது. நிரம்பாவிட்டால் வெளியே அனுப்ப எதுவும் இருக்காது. இந்த நெருக்கத்துக்கு டாம்பனேட் என்று பெயர். ரத்தம் கொட்டிப்போவதைவிட, சிறிதளவு ரத்தம் வெளியேற வழியில்லாமல் இதயத்தை அமுக்குவதுதான் இங்கே உயிரைப் பறிக்கிறது.

இப்போது அந்த மானிட்டர். அதில் ஓடும் கோடு இதயத்தின் மின்சாரத்தைக் காட்டுகிறது. ரத்தம் ஓடுகிறதா என்பதைக் காட்டுவதில்லை. வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, மோட்டார் இரைகிறது. ஆனால் குழாய் உடைந்திருந்தால் மாடித் தொட்டியில் ஒரு சொட்டு ஏறாது. இதயச் சுவர் கிழிந்த பிறகும் மின்சாரம் சில நிமிடங்கள் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு வரும். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி இருக்காது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பெரியம்மா பார்த்தது இந்தக் கோட்டைத்தான்.

கிழிசல் எப்போதும் இவ்வளவு வேகமாக நடப்பதில்லை. சிலருக்கு ரத்தம் கசிந்து கசிந்து சேரும். அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. அறுவை சிகிச்சையில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலருக்குக் கிழிந்த இடத்தின் மேல் உறையே ஒட்டிக்கொண்டு தற்காலிகச் சுவராகிவிடும். இது பொய்வீக்கம். தசை இல்லாத அந்தப் பை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி.

இது புதிய நோயும் அல்ல. ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி 1649இல் எழுதிய கடிதத்தில், நெஞ்சுவலியால் அவதிப்பட்டு இறந்த ஒரு பிரபுவின் இடது கீழறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். பார்ப்பதற்குத் தடிமனாகவும் உறுதியாகவும் இருந்த சுவர் எப்படிக் கிழிந்தது என்று அவர் யோசித்திருக்கிறார்.

நடுச்சுவரில் துளை

இடது, வலது கீழறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவரில் இறந்த தசை கரைந்து துளை விழலாம். ஒரு பக்கம் 120, மறுபக்கம் 25. மேல்தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் இறங்குவதுபோல ரத்தம் இடமிருந்து வலத்துக்குப் பாயும். உடலுக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. ஒரு பக்கம் நுரையீரல் திணறுகிறது, மறுபக்கம் சிறுநீரகமும் மூளையும் வறள்கின்றன.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நேற்று வரை சுத்தமாக 'லப்-டப்' என்று கேட்ட நெஞ்சில் இன்று ஸ்டெதாஸ்கோப் வைத்தால் 'உஸ்ஸ்' என்று பாயும் ஓசை. மார்பெலும்புக்கு இடப்பக்கம் உள்ளங்கையை வைத்தால் நிறையத் தண்ணீர் பாயும் ரப்பர் குழாயைப் பிடித்ததுபோல அதிர்வு தெரியும். தினமும் காலையில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பல இடங்களில் வைத்துப் பொறுமையாகக் கேட்பது சடங்கல்ல. புதிதாக ஓசை வந்திருக்கிறதா என்றுதான் தேடுகிறார்.

1956இல் அமெரிக்காவின் டென்டன் கூலி இந்தத் துளையை முதன்முதலில் அறுவை சிகிச்சையால் அடைத்தார். துளையின் மேல் செயற்கைத் துணியோ பதப்படுத்திய மாட்டு இதய உறையோ வைத்துத் தைக்கிறார்கள். சொல்வதற்கு எளிது. முதல் வாரத்தில் அந்தத் தசை ஊறிய அப்பளம்போல இருக்கும். ஊசி நுழையும், நூலை இழுத்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அறுவை சிகிச்சை நிபுணருக்கு ஒரு தர்மசங்கடம். உடனே தைத்தால் தையல் நிற்காது. தசை இறுகட்டும் என்று காத்திருந்தால் நோயாளி தாங்கமாட்டார்.

அமெரிக்க இதய அறுவை சிகிச்சையாளர்களின் பதிவேட்டில், மாரடைப்பு வந்து ஏழு நாட்களுக்குள் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இதைப் படித்துவிட்டு, காத்திருப்பதே நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள்தான் அந்த இரண்டாவது கணக்கில் வருகிறார்கள். முடியாதவர்கள் அறுவை சிகிச்சை அறைக்கே வந்து சேரவில்லை. பெருந்தமனிக்குள் பலூன் வைத்தோ, ரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரத்தைப் பொருத்தியோ சில நாட்களைக் கடத்த இன்று முயல்கிறார்கள். "இன்னும் ஏன் ஆபரேஷன் செய்யவில்லை" என்று கோபம் வரும்போது, டாக்டரும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்வது உதவும்.

பந்தல் கயிறு அறுந்தால்

கல்யாண வீட்டு ஷாமியானாவைக் கயிற்றால் இழுத்து முளைக்குச்சியில் கட்டியிருப்பார்கள். குச்சி பிடுங்கிக்கொண்டால் காற்றில் துணி மேலே புரண்டுவிடும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் இதழ்கள் அந்தத் துணி. அவற்றை மெல்லிய நார்கள் கீழறைச் சுவரிலிருந்து எழும் இரண்டு தசைத் தூண்களோடு கட்டிவைத்திருக்கின்றன. பாப்பிலரி தசை என்பது இந்தத் தூண்தான். மாரடைப்பில் தூண் முறிந்தால் இதழ் மேல்பக்கம் புரண்டு, முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னால் நுரையீரல் பக்கம் அடிக்கிறது. சற்று முன்வரை பேசிக்கொண்டிருந்தவர் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, நுரை கக்கி மூச்சுக்குத் தவிப்பார்.

இரண்டு தூண்களில் ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு தமனிகளிலிருந்து ரத்தம் வருகிறது. பின்பக்கத் தூணுக்கு ஒரே ஒரு வாய்க்கால்தான். முறிவது பெரும்பாலும் இந்தப் பின்தூண். ஆகவே சேதம் சிறிய இடத்தில் இருந்தாலும் அது சரியாக இந்தத் தூணில் விழுந்துவிட்டால் போதும். "சின்ன அட்டாக்தான்" என்ற சொல் நம்மை ஏமாற்றுவது இங்கேதான். வால்வை உடனே மாற்றுவதே பெரும்பாலும் சிகிச்சை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்: வெளிச்சுவர் கிழிந்தால் இதயம் அமுக்கப்படுகிறது. நடுச்சுவரில் துளை விழுந்தால் ரத்தம் வழிமாறுகிறது. தூண் முறிந்தால் ரத்தம் பின்னால் அடிக்கிறது.

ஸ்டென்ட் காரணமா? யாருக்கு வருகிறது?

ஸ்டென்ட் இருப்பது தமனிக்குள். கிழிவது தசைச் சுவர். ஸ்டென்ட் வைக்கும்போது தமனியிலேயே துளை விழுவது வேறொரு அரிய சிக்கல். அது பெரும்பாலும் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். உண்மையில் அடைப்பைச் சீக்கிரம் திறப்பதுதான் சுவரைக் காப்பாற்றுகிறது. அடைப்பைத் திறக்கும் சிகிச்சை வருவதற்கு முன்பு மாரடைப்பு வந்த நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு நடுச்சுவர் கிழிந்தது. தமனியை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வந்த பிறகு அது ஏறக்குறைய ஐந்நூறில் ஒருவர் என்று குறைந்தது. இந்தச் சிதைவுகள் அரியவை; மாரடைப்பு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இவற்றைச் சந்திப்பதே இல்லை.

சந்திப்பவர்களில் வயதானவர்கள், பெண்கள், முதல் மாரடைப்பு வந்தவர்கள், தாமதமாக வந்தவர்கள் அதிகம். முதல் மாரடைப்பா, பலமுறை வந்தவர்களுக்கு அல்லவா ஆபத்து என்று தோன்றும். பல ஆண்டுகளாகத் தமனி மெல்ல மெல்லச் சுருங்கியவர்களுக்கு உடல் சிறு சிறு கிளை வாய்க்கால்களை வெட்டிக்கொள்கிறது. பெரிய வாய்க்கால் அடைபட்டாலும் ஓரளவு ஈரம் எட்டும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திடீரென அடைபடுபவருக்கு அந்தக் கிளைகள் இல்லை.

தாமதம்தான் நம் கையில் இருப்பது. 2020இல் கொரோனாவுக்குப் பயந்து மக்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்கியபோது, அருகிப்போயிருந்த இந்தச் சிதைவுகளை மறுபடியும் பார்ப்பதாகப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். நம் வீடுகளில் தாமதத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: வாயு. பெரியப்பாவுக்கு வலி தொடங்கியது இரவு பத்து மணிக்கு. ஓமத் தண்ணீர் குடித்தார். விடிந்ததும் சோடா வாங்கிவரச் சொன்னார். மருத்துவமனைக்குப் போனபோது நண்பகல், பதினான்கு மணி நேரம் ஓடிவிட்டது. அங்கே கேட்டபோது "காலையிலிருந்து வலி" என்று நாங்கள் சொன்னோம். ஒரே கேள்வியை மூன்று பேர் மாறி மாறிக் கேட்கும்போது எரிச்சலாக இருந்தது. சுவர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு அந்த நேரம்தான் கணக்கு என்று அப்போது தெரியாது.

108ஐ அழைப்பதற்கு வலி மாரடைப்புதான் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

உடனிருப்பவர் கவனிக்க வேண்டியவை

முதல் இரண்டு வாரங்களில், நின்ற நெஞ்சுவலி திரும்பி வந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, குளிர்ந்த வியர்வையோடு கைகால் சில்லிட்டாலோ, காரணமில்லாமல் வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, நிலைகொள்ளாமல் தவித்தாலோ உடனே சொல்லுங்கள். மருத்துவமனையில் இருந்தால் நர்சிடம், வீட்டுக்கு வந்துவிட்டால் 108இல். சிறுநீர் குறைவதையும் சொல்லுங்கள். இவற்றுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். படுக்கைக்கே இயந்திரத்தைக் கொண்டுவந்து செய்யும் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், பெரும்பாலும் சில நிமிடங்களில் எது என்று காட்டிவிடும். முட்டிவலி, முதுகுவலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்; அவ்வகை மாத்திரைகள் புதுச் சுவர் எழும்புவதைக் கெடுக்கக்கூடும். மாரடைப்புக்காக எழுதித்தந்த ஆஸ்பிரினை இதோடு சேர்த்துக் குழப்பி நிறுத்திவிடவும் வேண்டாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். மோட்டாரையும் வரைந்தேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கோடு ஓடிக்கொண்டிருந்தபோது நான் வெளியில் நின்று கூப்பிட்டேனே, அது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்று கேட்டார். கேட்டிருக்காது என்றேன். மூளைக்கு ரத்தம் நின்றால் பத்துப் பதினைந்து நொடிகளில் நினைவு போய்விடும். நீங்கள் கண்ணாடியை எடுத்து நிமிர்ந்தபோதே அவர் போய்விட்டார் என்றேன்.